லேசர் போட்டால் கண் போய்விடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும், "தம்பி, பவர் ஏறிடுச்சு" என்றுதான் உட்காருவார்கள். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுவேன். 2019 தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டு இந்தியர்களில் பெரியவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது இருந்தது. சீனி அளவு ஏறி இறங்கினால் பவரும் மாறும். அப்போது கண்ணாடி செய்தால் சில வாரங்களில் பொருந்தாமல் போகும்.

அப்புறம், கண்ணின் பின்புறத்தில் இருக்கும் விழித்திரையைப் படம் எடுத்தாயிற்றா என்பேன். "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?" இந்தப் பதில்தான் எனக்குப் பயம். விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகி வருடக்கணக்கானாலும் வலிக்காது, எழுத்தும் தெளிவாகவே தெரியும். இரத்தம் போகாத இடங்களில் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலவீனமானவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கசிந்து, ஒட்டடை தொங்குவதுபோல் கறுப்புக் கோடுகள் மிதக்கும்.

அதன் பிறகு விழித்திரைக்கு லேசர் சிகிச்சை செய்யப் போய், பார்வை குறைந்தால், "லேசர் போட்டுத்தான் மாமாவுக்குக் கண் போச்சு" என்ற பேச்சு தோட்டத்து லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கப் பரவிவிடுகிறது. அதைக் கேட்டுப் பயந்தே இன்னும் நாலு பேர் போகாமல் இருக்கிறார்கள். இது என்னை மிகவும் வருத்துகிறது. லேசர் இழந்த பார்வையைத் திருப்பித் தராது. மீதி இருப்பதைக் காக்கும். முற்றிய நிலையில்கூடக் கடும் பார்வையிழப்பை அது பாதிக்கு மேல் குறைக்கிறது என்று 1976இலேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. இருட்டில் பார்வை கொஞ்சம் மங்கலாம், உண்மைதான். விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

விழித்திரையின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்ட பிறகுதான் போடுவார்கள். தொடக்கத்தில் பொதுவாக மாதம் ஒன்று. ஓர் ஊசியோடு நிறுத்தினால் வீக்கம் திரும்பிவிடும். இரத்தம் கலையாமல் தேங்கினால் அறுவைச் சிகிச்சை.

இனிப்பு நீர் என்று தெரிந்த உடனே ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். கண்ணின் பாவையை (நடுவில் உள்ள கருந்துளையை) விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கும். மோட்டாரை மகனை ஓட்டச் சொல்லுங்கள். இனிப்பு நீர் உள்ள பெண்கள் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்துக்குள் காட்ட வேண்டும். திடீரென்று புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ, சம்பள நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே தைப்பிங் அல்லது ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.