பெஞ்சில் இருப்பவனுக்கு வேலை போனது உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

முதலில் ஒரு குட்டிக் கதை.

"வேலை எப்படிப் போகுது?" என்று அம்மா கேட்டாள். "நல்லா போகுதும்மா. இன்னிக்குக் கொஞ்சம் நெருக்கடி, அப்புறம் பேசறேன்" என்றான். செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பூங்கா பெஞ்சில் சாய்ந்தான். ஆபீஸ் பை மடியில் இருந்தது. மணி பதினொன்று. எதிர் பெஞ்சுக்காரர் நேற்றுப் போலவே இன்றும் அவனைப் பார்த்துச் சிரித்தார்.

அவ்வளவுதான் கதை. அவனுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை, இது முதல் நாளும் இல்லை என்பதெல்லாம் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் மேலே போய்ப் பாருங்கள். இதில் எதையுமே நான் எழுதவில்லை. 'பதினொன்று', 'மடியில்', 'நேற்றுப் போலவே' என்று நான் போட்டது நாலைந்து துரும்புதான். கதையைக் கட்டியது நீங்கள்.

கல்லூரியில் எந்தப் படிப்பு படிப்பவரும் கதை, கவிதை, நாடகம் படித்தே ஆக வேண்டுமா என்ற வாக்குவாதம் நெடுநாளாக நடக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரி 1937 முதல் இலக்கியத்தைக் கட்டாயப் பாடமாகவே வைத்திருக்கிறது. அதே நாட்டின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிப்பவரும் மானுடப் பாடங்கள், கலை, சமூக அறிவியல் வட்டத்திலிருந்து எட்டுப் பாடங்கள் முடித்தாக வேண்டும். அதில் இலக்கியத்தையும் தேர்ந்தெடுக்கலாம். "பண்பாடு வளரும்" என்று ஒரு கட்சி, "நேர விரயம்" என்று எதிர்க்கட்சி. நடுவில் விட்டுப்போகும் கேள்வி ஒன்று உண்டு: புனைவு படிக்கும்போது மண்டைக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

ஓர் எளிய சோதனையிலிருந்து தொடங்கலாம். 'அவன் சுவரில் ஆணி அடித்தான்' என்ற வாக்கியத்தைப் படிக்கச் சொல்கிறார்கள். உடனே ஓர் ஆணியின் படத்தைக் காட்டி, "வாக்கியத்தில் வந்த பொருளா இது?" என்று கேட்கிறார்கள். படத்தில் ஆணி படுக்கையாக இருந்தால் பதில் சற்று வேகமாக வருகிறது. நிமிர்ந்து நின்றால் கொஞ்சம் தாமதம். 'தரையில் ஆணி அடித்தான்' என்று மாற்றினால் முடிவு தலைகீழ். ஆணி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வாக்கியம் சொல்லவே இல்லை. படித்தவரின் மூளைதான் சொல்லாமல் கொள்ளாமல் அதைத் திருப்பி வைத்துக்கொண்டது. ஸ்டான்ஃபீல்டு, ஸ்வான் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட முடிவு இது. 2012-ல் திரும்பச் செய்தபோது நின்றது; பின்னாளில் பல மொழிகளில் பெரிய அளவில் செய்தபோது தெளிவாகத் தெரியவில்லை. (அது ஏன் முக்கியம் என்பது கொஞ்சம் கீழே தெரியும்.)

2009-ல் நிக்கோல் ஸ்பியரும் ஜெஃப்ரி சாக்ஸும் அவர்கள் குழுவினரும் ஒரு படி மேலே போனார்கள். ஸ்கேன் கருவிக்குள் படுத்திருப்பவர்களுக்கு ஒரு சிறுவனின் அன்றாடத்தைச் சொல்லும் கதையைத் திரையில் சொல் சொல்லாகக் காட்டினார்கள். கதையில் சிறுவன் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது, படிப்பவரின் மூளையில் கை அசைவோடு தொடர்புள்ள பகுதிகளில் வேலை கூடியது. அவன் இடம் மாறும்போது வேறு பகுதிகள். படிக்கிறவர் கை காலை அசைக்காமல் படுத்திருக்கிறார், உள்ளே மட்டும் சின்னதாக ஓர் ஒத்திகை நடக்கிறது.

பொருளும் இடமும் இப்படி என்றால், ஆட்களின் மனது? பெஞ்சுக்காரனிடம் திரும்பி வருவோம். அவனுக்கு வேலை இல்லை. வேலை இருப்பதாக அம்மா நினைக்கிறாள். அவள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான். எதிர் பெஞ்சுக்காரர் எல்லாவற்றையும் ஊகித்துவிட்டாரோ என்ற சந்தேகம் அவனுக்கு வந்திருக்குமோ என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஒருவர் மனதுக்குள் இன்னொருவர் மனது, அதற்குள் மற்றொன்று. விம்மரும் பெர்னரும் 1983-ல் சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அவன் இல்லாத நேரத்தில் அது இடம் மாறுகிறது, திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதுக் குழந்தை பொதுவாக, சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். நான்கு, ஐந்து வயதில்தான் "அவனுக்குத்தான் தெரியாதே" என்ற ஞானம் வருகிறது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க நாம் செய்வது இதே வேலைதான், அடுக்குகள் மட்டும் கூடும். அடுக்கு ஐந்தை நெருங்கும்போது பெரியவர்களுக்கே தலை சுற்றத் தொடங்குகிறது.

சரி, அப்படியானால் கதை படிப்பவர்கள் பிறர் மனதை நன்றாக வாசிப்பவர்களா?

2013-ல் டேவிட் கிட், இமானுவேல் காஸ்டானோ இருவரும் ஆம் என்றார்கள். 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை. சில நிமிடங்கள் நல்ல இலக்கியப் புனைவைப் படித்தவர்கள், பிறர் மனதை ஊகிக்கும் சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்றது. அதில் ஒரு சோதனை வேடிக்கையானது: முகத்தில் கண் பகுதியை மட்டும் காட்டும் 36 படங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சொற்கள், எந்த உணர்ச்சி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பத்திரிகைகள் கொண்டாடின. இலக்கியத் துறைகளுக்குக் கேட்கவா வேண்டும்! கட்டாயப் பாடம் ஆக்கு என்பதற்கு அறிவியலே சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டதே.

சீட்டு செல்லவில்லை. 2016-ல் வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது பலன் தெரியவில்லை. 2018-ல் 'நேச்சர்', 'சயின்ஸ்' இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் ஆய்வுகளை ஒரு பெரிய குழு திரும்பச் செய்தது. 13 தேறின. தேறாதவற்றில் இதுவும் ஒன்று.

அதற்காக மொத்தத்தையும் குப்பையில் போடவும் முடியாது. அதே 2018-ல் டோடெல்-ஃபெடர், தமீர் இருவரும் 14 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். புனைவு படிப்பதால் ஒரு பலன் இருக்கிறது, ஆனால் சிறியது. எவ்வளவு சிறியது? புனைவு படித்த ஒருவரையும் படிக்காத ஒருவரையும் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்து மதிப்பெண்ணை ஒப்பிட்டால், 100 முறையில் சுமார் 54 முறை படித்தவர் முந்துவார். காசைச் சுண்டினால் 50. அவ்வளவு வித்தியாசம்தான்.

இன்னொரு வகைச் சான்றும் உண்டு. உண்மையான எழுத்தாளர் பெயர்களோடு போலிப் பெயர்களைக் கலந்து ஒரு பட்டியல் தருகிறார்கள். யாரை எல்லாம் தெரியும் என்று குறிக்க வேண்டும். "நிறையப் படிப்பேன்" என்று பீற்றிக்கொள்பவர்கள் போலிப் பெயரில் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் ஓரளவு நம்பகமான அளவுகோல். 2006-ல் ரேமண்ட் மார் குழுவினர் இதைப் பயன்படுத்தியபோது, புனைவு எழுத்தாளர்களை அதிகம் தெரிந்தவர்கள் அந்தக் கண் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். இந்தத் தொடர்பு 2016 ஆய்விலும் தப்பிப் பிழைத்தது. ஆனால் படித்ததால் கூர்மை வந்ததா, கூர்மை உள்ளவர்கள் படிக்க வருகிறார்களா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

எனக்கு இதில் மிகச் சுவையாகப் பட்டது 2013-ல் பாலும் வெல்ட்காம்பும் நெதர்லாந்தில் மாணவர்களிடம் செய்த ஆய்வு. கதையைப் படிக்கக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் பரிவுணர்வை அளந்தார்கள். கதையில் மூழ்கியவர்களுக்குக் கூடியிருந்தது. மூழ்காதவர்களுக்குக் குறைந்திருந்தது! சிறிய ஆய்வு, இதன் மேல் மாளிகை கட்டக் கூடாது. ஆனாலும் கட்டாயப் பாடம் என்று பேசும்போது இதைத் தாண்டிப் போக முடியவில்லை. கதை வேலை செய்ய ஆள் உள்ளே இறங்க வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் இறங்குவானா?

ஸ்டான்ஃபோர்டில் 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் ஒன்றைப் பார்த்தார்கள். படம் வரைய ஆசைப்படும் பிள்ளைகளில் சிலரிடம், "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாத நேரத்தில், அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதி. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களுக்கு இந்தக் குறை இல்லை. மதிப்பெண்ணும் ஒரு சான்றிதழ்தான். கல்லூரி மாணவர் மழலை அல்லதான், இருந்தாலும் தேர்வு முடிந்த மறுநாள் பாடநூல் என்ன கதிக்கு ஆளாகிறது என்று நமக்குத் தெரியாதா?

இவ்வளவுக்குப் பிறகும் நான் கட்டாயம் என்ற கட்சிதான். பரிவுணர்வு மருந்து என்பதற்காக இல்லை; அந்த விளம்பரத்தை இலக்கிய ஆசிரியர்களே கைவிட்டுவிடலாம். பாடம் என்று வைக்காவிட்டால் ஒரு நல்ல கதையை ஒருமுறைகூடச் சந்திக்காமல் பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பலர், அதற்காக. அதோடு, கதை நம்மை ஏமாற்றவும் செய்யும். மார்ஷ், மீட், ரோடிகர் 2003-ல் கதைகளுக்குள் சில தவறான தகவல்களை நுழைத்துப் பார்த்தார்கள். படித்தவர்கள் பிறகு பொது அறிவுக் கேள்விகளுக்கு அந்தத் தவறையே விடையாக எழுதினார்கள், சிலர் "இது எனக்கு முன்பே தெரியும்" என்றும் நம்பினார்கள். விளம்பரமும் வதந்தியும் கதை வடிவில்தான் வருகின்றன. வெற்றிடத்தைத் தானாக நிரப்பிக்கொள்ளும் மூளையை, நிரப்பும்போதே கையும் களவுமாகப் பிடிக்கப் பழக வகுப்பறை நல்ல இடம்.

என் சண்டை கேள்வித்தாளோடுதான். மேலே உள்ள ஐந்தாறு வரிகளைப் பாடமாக வைத்தால், "கதையின் மையக்கருத்தை விளக்குக" என்று ஒரு கேள்வி வரும். "வேலையின்மையின் துயரம்" என்று நோட்ஸில் விடை இருக்கும். அதை மனப்பாடம் செய்பவருக்குக் கதையைப் படிக்கவே தேவையில்லை; ஆணியைத் திருப்பி வைக்கும் வேலையை வேறொருவர் முடித்துவிட்டார். அதற்குப் பதில் "எதிர் பெஞ்சுக்காரர் ஏன் தினமும் பதினொரு மணிக்கு அங்கே இருக்கிறார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். எனக்கும் விடை தெரியாது.