டிக்கட் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி எங்கள் டிப்போவுக்கு வந்தார். தலவாக்கலையில் ஏறி அட்டனில் இறங்கியவர், கிளினிக் கொப்பியும் ஒரு மாத மருந்தும் இருந்த பையைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். "டிக்கட் இருக்கா பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. காசைச் சரியா குடுத்துட்டேன். டிக்கட்டெல்லாம் வேணாம்னுட்டேன்."

மழைக்குப் பயந்து ஓடி ஏறியிருக்கிறார். அது எங்கள் பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்றுகூட அவருக்கு நினைவில்லை. அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை பஸ் போகிறது! எதில் போய்த் தேடுவது?

டிக்கட் பிரிவில் 18 வருடங்களாக இருக்கிறேன். "பரவாயில்ல, டிக்கட் வேணாம்" என்று சொல்வதைப் பலர் பெருந்தன்மை என்றே நினைக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பழைய ட்ராம் வண்டிகளைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது.

மலையகத்துக்கு ட்ராம் வந்ததில்லை. கொழும்பில் பூஸ்டெட் கம்பெனி நடத்திய மின்சார ட்ராம் ஒரு பக்கம் கிராண்ட்பாசுக்கும் இன்னொரு பக்கம் பொரளைக்கும் ஓடியது. 1944இல் மாநகர சபை அதைப் பொறுப்பேற்றது, 1960இல் ஓட்டம் நின்றுபோனது. தலைக்கு மேலே போகும் கம்பியை ஒரு நீளக் கோல் தொட்டுக்கொண்டே வரும். மின்சாரம் அந்தக் கோல் வழியாக இறங்கி, மோட்டரைச் சுற்றவைத்து, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போய்விடும். ஓட்டுபவர் முன்னால் நிற்பார். காசு வாங்க ஒரு கொண்டக்டர் தனியாக இருப்பார்.

எந்த ஊர் ட்ராமிலும் பெரிய தலைவலி அந்தக் காசுதான். நெரிசலுக்குள் கை மாறும் சில்லறைக்கு யார் கணக்கு வைப்பது? லண்டனில் 1878இல் தொடங்கிய பெல் பஞ்ச் கம்பெனி இதற்கு ஓர் அழகான வழி வைத்திருந்தது. கட்டணத்துக்கு ஒரு நிறமாக டிக்கட் இருக்கும். கொண்டக்டர் மார்பில் தொங்கும் சிறிய உலோகக் கருவிக்குள் அதைச் செருகி அமுக்குவார். இறங்கும் இடத்துக்கு நேரே துளை விழும், கூடவே 'கிணிங்' என்று மணி அடிக்கும். துளையிலிருந்து விழும் குட்டி வட்டத் துண்டு கருவிக்குள்ளேயே தங்கிவிடும். கணக்கில் சந்தேகம் வந்தால் கருவியைத் திறந்து, அந்தத் துண்டுகளை நிறம் பிரித்து எண்ணிப் பார்ப்பார்கள். இரவில் மழையில் நனைந்த நோட்டுகளை மேசையில் பரப்பிக் காயவைத்து எண்ணும் எனக்கு, உளுந்தளவு கடதாசித் துண்டுகளை எண்ணிய அந்தக் கிளாக்கர்மாரை நினைத்தாலே ஒரு பாசம் வருகிறது.

மணி எதற்கு? பயணியின் காதில் விழத்தான். காசு கொடுத்த பிறகு மணி கேட்கவில்லை என்றால் பயணிக்கே தெரிந்துவிடும். அவர்தான் சாட்சி. அமெரிக்காவில் டொம் ஜோன்சன் என்பவர் ட்ராம் கட்டணம் போடச் செய்த உண்டியலும் இப்படித்தான். அதன் பக்கங்கள் கண்ணாடி. போட்ட காசு எல்லார் கண்ணிலும் படும். அவரே பின்னாளில் கிளீவ்லாந்து நகர மேயராகி, ட்ராம் கட்டணம் 3 சதமாக இருக்க வேண்டும் என்று போராடினார்!

இன்று எங்கள் மெஷினில் மணி இல்லை, சீட்டு வருகிறது. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் காசு எந்தக் கணக்கிலும் ஏறாது. செக்கர் ஏறினால் காசு கொடுத்த நீங்களும் மாட்டுவீர்கள், கொண்டக்டரும் மாட்டுவார். நேர்மையான கொண்டக்டர்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீண்பழியிலிருந்து அவர்களைக் காப்பதும் அந்தச் சீட்டுத்தான். அதனால் கேட்டு வாங்குங்கள். ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம் மூன்றையும் அங்கேயே பாருங்கள். பிழை என்றால் உடனே சொல்லுங்கள். இறங்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

பாட்டியின் பை மூன்றாம் நாள்தான் கிடைத்தது. வேறொரு டிப்போவின் பஸ்ஸில், பின் சீட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவர் பிரஷர் மாத்திரை போடவில்லை. கையில் சீட்டு இருந்திருந்தால் அதிலுள்ள நேரத்தைப் பார்த்து அன்று மாலையே எடுத்துக் கொடுத்திருப்பேன்.

போன வாரம் ஒரே பஸ்ஸில் வந்தோம். சீட்டைக் கேட்டு வாங்கியவர் என் பக்கம் நீட்டினார். "எழுத்து பொடிசா இருக்கு தம்பி, சரியா போட்டிருக்கானு பாரு." தலவாக்கலை, அட்டன் என்று வாசித்துக் காட்டினேன். மடித்து மணிபேர்சுக்குள் வைத்துக்கொண்டார்.