மூன்று கம்பியில் வந்த செக்ரோல்

மாமா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக (கணக்கு எழுதுபவராக) இருந்தவர். ஆபீசில் கழித்துப்போட்ட, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினி ஒன்று அவர் வீட்டில் கிடக்கிறது. செக்ரோல் என்கிற ஆள் வருகை, சம்பளப் பதிவு, ரப்பர் பால் எடைக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். பிளாப்பி டிரைவ் செத்துவிட்டது. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் ஒன்பது பின் சீரியல் போர்ட் மட்டும் வேலை செய்தது. கோப்புகளை என் லேப்டாப்புக்கு எடுக்க அது போதும்.

என் லேப்டாப்பில் யூஎஸ்பி சீரியல் அடாப்டரை மாட்டினேன். இரண்டு பக்கமும் 3ஆம் பின்னில் பேசும், 2ஆம் பின்னில் கேட்கும். நேராக இணைத்தால் வாயும் வாயும்தான் சந்திக்கும். அதனால் 2ஐயும் 3ஐயும் குறுக்கே மாற்றி, 5ஆம் பின்னைப் பொதுக் கிரவுண்டாக இணைத்தேன். மூன்றே கம்பி. இதற்கு நல் மோடம் (null modem) கேபிள் என்று பெயர். (5 வோல்ட்டில் ஓடும் சின்ன மின்னணு போர்டுகளை இந்தப் போர்ட்டில் நேரடியாக மாட்டிவிடாதீர்கள். இங்கே மின்னழுத்தம் மைனஸ் 15 முதல் பிளஸ் 15 வோல்ட் வரை போகலாம், போர்டு கருகிவிடலாம்.)

கம்பி சும்மா இருக்கும்போது மைனஸில் நிற்கும், அதுதான் 1. பிளஸுக்குப் போனால் 0. இரண்டு கணினிக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. அதனால் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) மணி அடிப்பதுபோல முதலில் ஒரு 0 வரும். அதைக் கேட்டதும் எதிர்ப்பக்கம் தன் கடிகாரத்தில் எண்ணத் தொடங்கும். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு பிட்டுக்கு, அதாவது ஒரு 0 அல்லது 1க்கு, ஏறக்குறைய 104 மைக்ரோ விநாடி. எட்டு பிட், கடைசியில் ஓய்வுக்கு ஒரு 1. ஆக ஓர் எழுத்துக்குப் பத்து பிட், விநாடிக்கு 960 எழுத்து. ஒரு 1.44 எம்பி பிளாப்பி அளவுக்கு 25 நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் தடவை பழைய கணினி 2400இல் இருந்தது தெரியாமல் அனுப்பினேன். திரை முழுக்கக் குப்பை.

வேகம் சரியானாலும் வழியில் ஒரு பிட் புரளலாம். அதற்குத்தான் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை. வார்ட் கிறிஸ்டென்சன் 1977இல் எழுதியது. கோப்பை 128 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் கூட்டுத்தொகையையும் 256ஆல் வகுத்து வரும் மீதியைக் கூடவே அனுப்பும். வாங்கியவர் தானும் கூட்டிப் பார்ப்பார். பொருந்தினால் 6 என்ற எண் திரும்பிப் போகும், அப்புறம்தான் அடுத்த துண்டு. பொருந்தாவிட்டால் 21, அதே துண்டு மறுபடி வரும்.

முதல் கோப்பு வந்து சேர்ந்தது. மாமா நம்பவில்லை. கால்குலேட்டரை எடுத்து, ஒரு மாதத்துப் பால் எடையை வரிவரியாகக் கூட்டி, கீழே இருந்த மொத்தத்தோடு ஒப்பிட்டார்.

“சரி, அடுத்ததை அனுப்பு” என்றார்.