படம் தெரிந்தால் தகவல் போகும்

"ஸ்பேம் மெயிலைத் திறந்துதான் பார்த்தேன், எதையும் கிளிக் செய்யவில்லை. அப்புறம் ஏன் இன்னும் அதிகமாக வருகிறது?" கணினிப் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. கிளிக் செய்யவில்லை, சரி. படங்கள் தெரிந்தனவா என்று நான் திருப்பிக் கேட்பேன்.

மெயிலில் தெரியும் எல்லாப் படமும் மெயிலோடு வந்ததல்ல. பல மெயில்களில் படத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும். நீங்கள் திறந்ததும் மெயில் செயலி அந்த முகவரியில் இருக்கும் சர்வரிடம் (படத்தை வைத்திருக்கும் கணினியிடம்) போய்ப் படத்தைக் கேட்டு வாங்கும். கேட்கும்போதே உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), திறந்த நேரம், பெரும்பாலும் எந்தச் செயலி என்பதும் அங்கே பதிவாகிவிடும். ஐபியை வைத்து ஊரைத் தோராயமாகச் சொல்லலாம்.

சந்தேக மெயில் ஒன்று கைக்கு வந்தால் அதன் மூலக் குறியீட்டைத்தான், அதாவது திரையில் தெரிவதற்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளைத்தான், முதலில் பார்ப்பேன். அகலம் 1, உயரம் 1 என்று ஒரு படம் எங்கேயாவது ஒளிந்திருக்கும். நிறமே இல்லாத ஒற்றைப் புள்ளி, கண்ணுக்குத் தெரியாது. அதன் முகவரியின் வாலில் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான சரம். பக்கத்து மேசைக்காரருக்கு வந்த அதே மெயிலைத் திறந்தால் அந்தச் சரம் மட்டும் வேறாக இருக்கும். ஆளுக்கொரு சரம் என்பதால், எந்தப் படம் கேட்கப்பட்டதோ அந்த ஆள் திறந்துவிட்டார் என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். ஸ்பேம் அனுப்புபவருக்கு இது தங்கம்: இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்! இதே உத்தியை விளம்பர மெயில்காரர்களும் தினமும் பயன்படுத்துகிறார்கள். படித்ததற்கான ரசீது கேட்கும் வசதியாவது நம்மிடம் அனுமதி கேட்பதுண்டு. இது கேட்பதே இல்லை.

ஜிமெயில் 2013 கடைசியிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகவே வாங்கித் தருகிறது. அதனால் உங்கள் ஐபி மறைகிறது, ஆனால் திறந்தது மறைவதில்லை; சரம் அப்படியேதானே போகிறது. ஆப்பிளின் மெயில் செயலியில் 2021இல் வந்த ஏற்பாடு இன்னும் குறும்பானது. நீங்கள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே வாங்கிவிடும், அனுப்பியவரின் கணக்கு குழம்பிப்போகும்.

இதைவிட மோசமான ஒன்று 2018இல் வெளிவந்தது. 'ஈஃபெயில்' என்ற தாக்குதலில், மறைகுறியாக்கிய, அதாவது உரியவர் மட்டுமே படிக்கும்படி பூட்டிய, மெயிலின் படிக்கத்தக்க உரையே ஒரு படத்தின் முகவரியில் ஒட்டிக்கொண்டு வெளியே போனது.

தண்டர்பேர்டு என்ற மெயில் செயலி, இப்படி வெளியிலிருந்து வாங்கும் படங்களை இயல்பாகவே தடுக்கும். ஜிமெயிலில் செட்டிங்ஸில் இமேஜஸ் பகுதிக்குப் போய், கேட்ட பிறகே காட்டும்படி மாற்றுங்கள். மெயில் கொஞ்சம் அலங்கோலமாகத் தெரியும், பழகிவிடும். தேவையான மெயிலில் அந்த ஒரு முறை மட்டும் படத்தைக் காட்டச் சொல்வேன். 'இவரிடமிருந்து வந்தால் எப்போதும் காட்டு' என்ற பொத்தானைத் தொடுவதில்லை. அனுப்புநர் பெயரைப் போலியாகப் போடுவது அவ்வளவு கஷ்டமில்லை.