பித்தப்பை அழற்சி: ஆன்டிபயாடிக் எதுவரை?

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, ஓரிரு மணி நேரத்தில் தானாக அடங்கினால் அது பெரும்பாலும் வெறும் பித்தக்கல் வலி. காய்ச்சல் இல்லை, வெள்ளையணுவும் கூடவில்லை என்றால் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. அதே வலி ஆறு மணி நேரம் தாண்டியும் விடவில்லையா? காய்ச்சலும் சேர்ந்ததா? அந்த இடத்தில் விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னால் பாதியிலேயே மூச்சு நின்றுபோகிறதா? அப்படியானால் தீவிரப் பித்தப்பை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனில் கல்லோடு, பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தும், சுற்றிலும் நீர் கோத்தும் இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

இதைத் தொடங்கிவைப்பது கிருமி அல்ல, கல். பையின் கழுத்தில் கல் சிக்கியதும் பித்தநீர் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. பை உப்பி, சுவரில் ரத்த ஓட்டம் குறைகிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் பெருகுவது அதற்குப் பிறகுதான். ஆபரேஷனில் அப்படிப்பட்ட பையை ஊசியால் உறிஞ்சினால், பச்சைப் பித்தநீருக்குப் பதில் கலங்கிய சீழ் வருவதுண்டு. ரத்தம் வழியாகப் போகும் மருந்து சுவரை எட்டும். அடைபட்ட பைக்குள் போதிய அளவு சேர்வதில்லை. கிருமி ரத்தத்தில் பரவாமல் தடுக்கத்தான் ஆன்டிபயாடிக். கல்லை அது அசைக்காது.

“ஊசி போட்டதும் வலி போயிடுச்சே, ஆபரேஷன் எதுக்கு?” என்று கேட்பவர்கள் மிகப் பலர். 2013-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் 618 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன். மற்றதற்கு முதலில் ஆன்டிபயாடிக், 7 முதல் 45 நாள் கழித்து ஆபரேஷன். முதல் பிரிவில் சிக்கல்கள் 11.8 சதவீதம், தள்ளிப்போட்டவர்களில் 34.4 சதவீதம். உடல் தாங்கும் என்றால் முதல் சில நாட்களிலேயே லேப்ராஸ்கோபியில் எடுத்துவிடுவது நல்லது. நாள் போகப்போகத் திசுக்கள் ஒட்டிக்கொண்டு, குழாயைப் பிரித்தெடுப்பதே பெரும்பாடாகும்.

மருந்துத் தேர்வு நோயின் கடுமையைப் பொறுத்தது. லேசான நிலையில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் 1 முதல் 2 கிராம், நரம்பு வழியாக, நாளுக்கு ஒரு முறை பெரும்பாலும் போதும். கூடவே மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கையும் பழக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள். பித்தக் குழாயைக் குடலோடு இணைக்கும் ஆபரேஷன் முன்பே நடந்திருந்தால் அது அவசியம். மற்றபடி பலருக்கு வேண்டாதது. ரத்த அழுத்தம் இறங்கினால், சிறுநீர் குறைந்தால், நினைவு தடுமாறினால் கதை வேறு: பைப்பராசிலின்-டாசோபாக்டம் 4.5 கிராம் ஆறு அல்லது எட்டு மணிக்கு ஒரு முறை, அல்லது மெரோபெனெம். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தால் இவற்றின் அளவைத் திருத்த வேண்டும். இப்படிக் கடுமையான நிலையில் முதல் ஊசிக்கு முன்பே ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய பின் எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். பித்தநீரையும் ஆபரேஷனில் கல்ச்சருக்கு அனுப்புங்கள். மருந்தை மாற்ற அதுவே கைகொடுக்கும்.

செஃப்ட்ரியாக்சோன் போடும் நர்ஸ்களுக்கு ஒன்று: ரிங்கர் லாக்டேட் போன்ற கால்சியம் உள்ள டிரிப்ஸோடு அதைக் கலக்கக்கூடாது, படிந்துவிடும். இதே மருந்து பித்தப்பையிலும் கால்சியத்தோடு சேர்ந்து கசடாகப் படிவதுண்டு. ஸ்கேனில் கல் போலவே தெரியும். நிறுத்தினால் பெரும்பாலும் தானே கரையும்.

அதிகம் தவறு நடப்பது நிறுத்தும் இடத்தில்தான். லேசான, நடுத்தர அழற்சியில், துளை விழாத பையை முழுதாக எடுத்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் மருந்தை நிறுத்திவிடலாம். 2014-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் இப்படிப்பட்ட 414 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் ஐந்து நாள் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் கொடுத்தார்கள், மீதிப் பேருக்கு இல்லை. தொற்று வந்தது 15 சதவீதம், 17 சதவீதம். குறிப்பிடத்தக்க வேறுபாடே இல்லை. ஆனாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் ஏழு நாள் செஃபிக்சிம் எழுதும் வழக்கம் விட்டபாடில்லை. வயிற்றுப்போக்கும், அடுத்த முறை மருந்துக்கு மசியாத கிருமியும்தான் அதில் மிச்சம். கடுமையான நிலையில் மட்டும், பையை எடுத்த பிறகோ வடிகுழாய் (டிரெய்ன்) வைத்துச் சீழை வடித்த பிறகோ, 4 முதல் 7 நாள் தொடர வேண்டும். ரத்தத்தில் எண்டெரோகாக்கஸ் என்ற குடல் கிருமி வளர்ந்தால் குறைந்தது இரண்டு வாரம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வலி மந்தமாக இருந்தாலும் உள்ளே பை அழுகிக்கொண்டிருக்கலாம், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். கண் மஞ்சளானால் கல் பொதுப் பித்தக் குழாயில் இறங்கியிருக்கலாம்; அதற்கு உடனே எண்டோஸ்கோபி தேவைப்படலாம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தாலோ வயிறு உப்பினாலோ, வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பித்தநீர் கசிந்து உள்ளே தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும்.