உதரவிதானப் பிதுக்கம்: குடல் ஏறினாலும் 'இறக்கம்' தானா?

ஹெர்னியா என்றாலே தமிழில் குடலிறக்கம் என்று எழுதிப் பழகிவிட்டோம். தொடையிடுக்கிலோ விதைப்பையிலோ குடல் இறங்கி வந்து வீங்குகிற வகைக்கு அது அருமையான சொல், கண்ணால் பார்ப்பதை அப்படியே சொல்கிறது. ஆனால் சில குழந்தைகள் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தடுப்பான உதரவிதானத்தில் ஓட்டையோடு பிறக்கின்றன. அந்த ஓட்டை வழியாகக் குடல், இரைப்பை, மண்ணீரல், சில நேரம் கல்லீரலின் ஒரு பகுதிகூட மார்புக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இங்கே எதுவும் இறங்கவில்லை, எல்லாம் ஏறியிருக்கிறது. ஏறியது குடல் மட்டுமும் இல்லை. இதைப் போய் 'உதரவிதானக் குடலிறக்கம்' என்று எழுதினால், மருத்துவர் வரைந்து காட்டும் படத்தையும் கையிலுள்ள அறிக்கையையும் ஒப்பிட்டுப் பார்க்கிற பெற்றோருக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

ஹெர்னியா லத்தீன் சொல். பிய்தல், உடைந்து வெளியே வருதல் என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், சொற்பிறப்பியலார் அதைக் குடல் என்று பொருள்படும் 'ஹிரா' என்ற பழைய லத்தீன் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், ஆக அங்கேயும் அடியில் கிடப்பது குடல்தான். ஆனால் மருத்துவத்தில் அந்தச் சொல் குடலை விட்டு விலகி வெகுதூரம் வந்துவிட்டது. மூளைத் திசு பிதுங்கினாலும் ஹெர்னியா, முதுகெலும்பு வட்டு பிதுங்கினாலும் ஹெர்னியா. தன் இடத்தில் இருக்க வேண்டிய ஓர் உறுப்பு ஓட்டை வழியாகவோ பலவீனமான இடம் வழியாகவோ அடுத்த இடத்துக்குத் தள்ளப்படுவதுதான் இன்றைய பொருள். அதற்குத் தமிழில் 'பிதுக்கம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. மேலே போனதா கீழே வந்ததா, போனது எந்த உறுப்பு என்றெல்லாம் அது முன்கூட்டியே முடிவு செய்வதில்லை.

அடுத்து உதரவிதானம். உதரம் என்றால் வயிறு, விதானம் என்றால் மேற்கட்டி. இரண்டும் வடமொழி வழி வந்தவை. வயிற்றுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர் வைத்த பெயர் போல இருக்கிறது. ஆங்கிலத்தில் இதன் பெயரான டயாஃப்ரம் என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் பொருள் குறுக்கே போட்ட வேலி, தடுப்பு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இதே உறுப்பு 'பிரிமென்றகடு', அதாவது பிரிக்கிற மெல்லிய தகடு. கிரேக்கப் பொருளுக்குக் கிட்டத்தட்ட நேரான தமிழ், எனக்கு மிகவும் பிடித்த சொல்லும்கூட. ஆனால் தமிழ்நாட்டில் பள்ளியிலிருந்தே உதரவிதானம் என்று படித்தவர்களிடம் இதைச் சொன்னால் தனியாக விளக்க வேண்டிவரும். அதனால் பிறவி உதரவிதானப் பிதுக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். பிரிமென்றகட்டுப் பிதுக்கம் என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

'பிறவி' என்ற முன்னொட்டை விட்டுவிடக் கூடாது. கருவில் ஏறக்குறைய 8ஆவது வாரத்தில் மூடியிருக்க வேண்டிய இடைவெளி மூடாமல் போய், 10ஆவது வாரத்தை ஒட்டித் தொப்புள்கொடிப் பக்கமிருந்து வயிற்றுக்குத் திரும்புகிற குடல் அந்த வழியாக மேலே நழுவிவிடுகிறது. பெரும்பாலும், அதாவது 80 சதவீதத்துக்கும் மேல், இடது பக்கம். பின்புறத்தில் விலாவை ஒட்டி வரும் இந்த வகைக்கு 1848இல் இதை விவரித்த பிராக் நகர உடற்கூறு அறிஞர் போக்டலெக்கின் பெயர். முன்புறம் நெஞ்செலும்புக்குப் பின்னால் வரும் அரிய வகைக்கு இத்தாலியரான மோர்காக்னியின் பெயர்.

உண்மையில் ஓட்டையைவிடப் பெரிய பிரச்சினை நுரையீரல். மாதக்கணக்கில் குடல் அழுத்திக்கொண்டே இருந்ததால் அது சரியாக வளர்ந்திருக்காது, அதன் ரத்தக் குழாய்களில் அழுத்தமும் எகிறியிருக்கும். ஒரு காலத்தில் பிறந்தவுடனே ஓடிப்போய் அறுவை செய்தார்கள். 1940களில் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத குழந்தைக்குச் செய்து காப்பாற்றியது அந்த வரலாற்றில் முக்கியமான கட்டம். இப்போது முதலில் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் நிலைப்படுத்துகிறார்கள், அப்புறம்தான் தையல். ஓட்டையை அடைத்ததும் நுரையீரல் வளர்ந்துவிடப் போவதில்லை.

சரி, அந்தத் தையலை எப்படிப் போடுவது என்ற இடத்தில்தான் அடுத்த இரண்டு சொற்கள் வருகின்றன. 'ஓப்பன்' என்பதைத் திறந்த அறுவை என்கிறோம், அதில் சிக்கல் இல்லை. சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் விட்டுச் செய்யும் 'மினிமலி இன்வேசிவ்' என்பதைத்தான் 'குறைந்தபட்ச ஊடுருவும் அறுவை சிகிச்சை' என்று எழுதிக் கொல்கிறார்கள். ஊடுருவுகிறவன் எதிரி நாட்டுக்காரன், மருத்துவர் இல்லை! ஆங்கிலத்திலும் படையெடுப்பு என்ற பொருளிலிருந்து வந்த சொல்தான் அது, 1980களில் பிரிட்டிஷ் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஜான் விக்கம் பரப்பிய பெயர். தமிழில் ஏற்கெனவே 'நுண்துளை அறுவை' புழக்கத்தில் இருக்கிறது, 'சாவித்துவார அறுவை'யும் இருக்கிறது. எனக்கு நுண்துளையே போதும்.

ஆனால் 'திறந்த', 'நுண்துளை' என்று இரண்டையும் பக்கத்தில் வைத்ததும், கீறலின் அளவில் மட்டும்தான் வித்தியாசம் என்று தோன்றிவிடுகிறது. இந்தப் பிதுக்கத்தில் வழியே வேறு. திறந்த முறையில் வழக்கமாக விலாவுக்குக் கீழே வயிற்றைத் திறந்து, ஏறிய உறுப்புகளைக் கீழே இழுத்து, உதரவிதானத்தை அடியிலிருந்து தைப்பார்கள். நுண்துளை முறையில் பெரும்பாலானோர் மார்பு வழியாகப் போகிறார்கள், அதற்குத் தோரகோஸ்கோப்பி என்று பெயர். தமிழில் மார்பு உள்நோக்கி அறுவை எனலாம். வயிற்று வழியாக நுழைவதும் உண்டு, 1995இல் நெதர்லாந்திலிருந்து ஆறு மாதக் குழந்தைக்கு அப்படிச் செய்ததாக வெளியானது. ஆனால் பச்சிளங்குழந்தையின் வயிறு ஏற்கெனவே சிறியது, கீழே இழுத்த குடல் முழுவதும் கேமராவின் முன்னால் வந்து நிற்கும். மார்பில் அந்தத் தொல்லை குறைவு. உள்ளே மெல்ல விடும் கார்பன் டை ஆக்சைடே குடலைக் கீழே தள்ளிக் கொடுக்கிறது.

அதே வாயுதான் தலைவலியும். குழந்தை அதை உறிஞ்சிக்கொள்கிறது, வளராத நுரையீரலால் அதை வெளியேற்ற முடிவதில்லை, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடும் அமிலத்தன்மையும் ஏறுகின்றன. லண்டனில் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் திறந்த முறை, நுண்துளை என இரு பிரிவாக்கிச் செய்து 2013இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. ஆக 'குறைந்த' என்ற சொல் தோலில் உள்ள காயத்தைப் பற்றியது, உடம்புக்குள் ஏற்படும் சுமையைப் பற்றியது இல்லை. 'நுண்துளை' என்பதில் அந்தப் பொய் இல்லை, துளை சிறியது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது.

தழும்பு சிறியது, வலி குறைவு, பின்னாளில் குடல் ஒட்டிக்கொண்டு அடைபடுவதும் குறைவு. இவையெல்லாம் நுண்துளையின் பக்கம். எதிர்ப்பக்கம் கனமானது 'மறுபிதுக்கம்', தைத்த இடம் விட்டுப்போய் மறுபடி பிதுங்குவது. பல தொகுப்பாய்வுகளில் இது நுண்துளை முறையில் கூடுதலாகவே வந்திருக்கிறது. ஓட்டை பெரிதாகி, செயற்கைத் துணியால் ஒட்டுப் போட வேண்டிய நிலையில், 3 மில்லிமீட்டர் கருவியால் விலா ஓரத்தில் இறுக்கமாகத் தைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஊகிக்கக்கூடியதே. திறந்த முறையில் இறப்பு அதிகம் என்ற எண்களைப் பார்த்தால் மட்டும் பயந்துவிடாதீர்கள். நிலை மோசமான, எக்மோ வரை, அதாவது உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம் வரை போன குழந்தைகளைத்தான் பெரும்பாலும் திறந்து செய்கிறார்கள், தேறிய குழந்தைகளே நுண்துளைக்கு வருகின்றன. ஒப்பீடு ஆரம்பத்திலேயே சாய்ந்திருக்கிறது.

கடைசியாக, அறிக்கையில் 'கன்வர்ஷன்' என்று ஒரு சொல் வரலாம். நுண்துளையில் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடு ஏறிப்போனதாலோ ஓட்டை நினைத்ததைவிடப் பெரிதாக இருந்ததாலோ பாதியில் திறந்த முறைக்கு வந்திருக்கிறார்கள் என்று பொருள். இதைச் சிலர் 'தோல்வி' என்று மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. 'திறப்புக்கு மாறுதல்' என்று எழுதினால் போதும்.