அரூர் கிழங்குக் காட்டுக்குப் பராகுவே குளவி

அரூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "குச்சிக்கிழங்குச் செடி நுனியெல்லாம் முட்டைக்கோசு மாதிரி சுருண்டு வெள்ளை மாவு அப்பிக் கெடக்கு. ரெண்டு தடவை மருந்தடிச்சும் போகலைங்க. திருஷ்டிப் பூசணியும் கட்டியாச்சு. இப்ப குளவி விடச் சொல்றாங்க. களையெடுக்கிற பொம்பளைங்களைக் கொட்டாதா?"

கொட்டாதுங்க. அது எள்ளளவுகூட இருக்காது. பூசணியைக் கூட்டு வையுங்கள்.

அந்த வெள்ளை மாவு, மாவுப்பூச்சியின் வேலை. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் போலவே இந்தப் பூச்சிக்கும் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் ஆப்பிரிக்கா, 2008இல் தாய்லாந்து, 2020இல் கேரளா, அப்புறம் நம் பக்கம். அதன் எச்சில் பட்டால் நுனி சுருண்டுகொள்ளும். சுருளுக்குள்ளே, மெழுகுப் பூச்சுக்கு அடியில் உட்கார்ந்திருப்பதை எந்த மருந்து தொடும்? அதிலும் இந்த இனத்தில் ஆணே கிடையாது. நடுவதற்கு வெட்டிய கரணைக் குச்சியில் ஒரே ஒரு பெண் ஒட்டிக்கொண்டு வந்தாலும் போதும்.

ஆப்பிரிக்காவுக்காக இதன் எதிரியைத் தேடிப் போனவர்களுக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம். தென் அமெரிக்காவின் வடக்கே அச்சு அசலாக ஒரு மாவுப்பூச்சி இருந்தது. ஆனால் அதைத் தின்னும் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியைச் சட்டை செய்யவில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் அது வேறு இனம், அதில் ஆணும் உண்டு! சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் அகப்பட்டது. அதன் குளவிகளை நேரே ஆப்பிரிக்காவுக்கு அனுப்பாமல் லண்டனில் அடைத்துவைத்துச் சோதித்தார்கள். தப்பித்தாலும் அங்கே மரவள்ளிக்கு எங்கே போகும்? பிறகு நைஜீரியாவில் விட்டார்கள். அந்தப் பணியை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பூச்சி இனம் பிரித்துச் சொல்லும் ஆட்களுக்கு நம் ஊரில் சம்பளம் ஒதுக்கவே யோசிக்கிறார்கள் என்பது என் நெடுநாள் வயிற்றெரிச்சல்.

இனி குளவியின் சாமர்த்தியத்துக்கு வருவோம். பூச்சி அரித்த மரவள்ளி ஒரு வாசனை விடும். குளவி அதை மோப்பம் பிடித்து வந்து, தலையிலுள்ள உணர்கொம்பால் மாவுப்பூச்சியைத் தட்டித் தட்டிப் பார்க்கும். சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்து எடை கணிப்பது போலத்தான். பூச்சி சின்னதாக இருந்தால் அதன் உடம்புக்குள் கருவுறாத முட்டை வைக்கும், அதிலிருந்து ஆண் வரும். பெரிதாக இருந்தால், வயிற்றில் சேமித்து வைத்த விந்தை முட்டையோடு சேர்த்து வைக்கும், பெண் வரும். முட்டை சுமக்கப்போகும் மகளுக்குப் பெரிய சாப்பாடு, மகனுக்குச் சின்னது போதும். சில பூச்சிகளில் முட்டையே வைக்காது, குத்திச் சாற்றைக் குடித்துவிட்டுப் போய்விடும். அப்படியும் பூச்சிக்குச் சாவுதான். முட்டை வைத்த பூச்சியின் உள்ளே புழு எல்லாவற்றையும் தின்று தீர்க்க, மேல்தோல் பழுப்பாக இறுகிவிடும். இரண்டு மூன்று வாரத்தில் அதில் வட்டமாக ஓட்டை போட்டு, புதுக்குளவி வெளியே வரும்.

நமக்கு இந்தக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்தது. பெங்களூரில் வளர்த்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள். பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி வரவழைத்த அனுபவம் ஏற்கெனவே கைவசம் இருந்தது.

சுருண்ட நுனியைக் கிள்ளி எரிக்கும் பழக்கம் நல்லதுதான். ஆனால் குளவி விட்ட காட்டில், எரிக்கும் முன் பிரித்துப் பாருங்கள். பழுப்பாக இறுகிய பூச்சிகள் இருந்தால் அந்த நுனியைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள். மருந்தடிக்க வருகிற ஆளிடமும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.